எட்டில் ஒன்றை விழுங்கிய மாலை

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு குறிப்பேட்டின் மூன்று வரிகள். அவற்றைக்கூட எழுதியது நானில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நகரத்தின் நடுவில் இருக்கும் ஓர் இரவு விடுதிக்கு ஐம்பது வயது நிறைகிறது. அதை இப்போது நடத்துபவர் பழைய முதலாளியின் மகள். ஐம்பதாம் ஆண்டு மலருக்காக, அங்கே நடந்த மேடை இசையின் வரலாற்றைப் பதினாறு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். எல்லாரும் சந்தோஷமாகப் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. கூடவே ஓர் அட்டைப்பெட்டியும் கொடுத்தார். உள்ளே புகைப்படங்கள், நிகழ்ச்சித் தாள்கள், அந்தக் காலத்து மேலாளரின் தினக் குறிப்பேடுகள். இருபத்தாறு வருடங்களுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையின் கீழே இப்படி இருந்தது:

டிரம்ஸ் தாளம் தப்பியது. கூட்டம் கலைந்தது. வரும் வாரம் முதல் இசைத்தட்டு.

இருபத்து நான்கு வருட மேடை இசை அத்தோடு முடிந்துபோயிற்று. முதல் தடவை படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பெட்டியின் அடியில் கிடந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்தபிறகுதான் உறைத்தது. பின்புறத்தில் யார் யார் என்று பென்சிலால் குறித்திருந்தார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நேரே 'கடிகாரம்' என்று இருந்தது. பதினோரு வருடம் இம்மி பிசகாமல் வாசித்ததால் வந்த பட்டப்பெயராம்.

கடிகாரம் எப்படித் தாளம் தப்பும்? அங்கேதான் என்னைச் சனி பிடித்தது. (சிலேடை இல்லை. அன்று நிஜமாகவே சனிக்கிழமை.)

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் நகரமே—"

[மழை பெய்யவில்லை. பழைய செய்தித்தாளில் பார்த்துவிட்டேன். பதற்றமான காட்சி என்றாலே என் பேனா மழைக்குச் சொல்லியனுப்பிவிடுகிறது.]

"ஒரு பெண் டிரம்ஸ் வாசிப்பதைப் பார்க்கவே கூட்டம்—"

[பொய்யில்லை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் கதை வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். அவருக்கும் பிடிக்காது.]

"தரை மூச்சுவிட்டது."

[அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. தரை மூச்சுவிடவில்லை, ஆடியது. எவ்வளவு ஆடியது என்பதுதான் பிரச்சினையே.]

இன்னொரு தொல்லை. அந்த டிரம்ஸ்காரருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. நேரில் 'மேடம்' என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் அந்த மாலைக்குள் நுழைந்ததும் 'அவர்' என்று எழுத வரவில்லை. 'அவர்' என்றதும் யாரோ நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரவைத்துவிட்டது போல ஆகிவிடுகிறது. எனவே மேசைக்கு இந்தப் பக்கம் அவர், மேடைமேல் அவள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

வரலாறு கொஞ்சம். (மலரில் இது ஆறு பக்கம். உங்களுக்கு அரைப் பக்கம் போதும்.)

அந்தக் கட்டடம் ஒருகாலத்தில் காகிதக் கிடங்கு. கீழ்த்தளத்தில் விடுதி தொடங்கியபோது மூலையில் ஒரு பியானோ இருந்தது. சாப்பிடுகிறவர்களின் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசிப்பதுதான் பியானோக்காரரின் வேலை. நான்காம் வருடம் ஒரு சாக்ஸபோன் வந்து சேர்ந்தது, பேச்சு நின்றது. ஒன்பதாம் வருடம் மேல்தளத்தை நடனக்கூடமாக்கினார்கள். காகிதக் கட்டுகளை அப்புறப்படுத்தி, மரத்தரையைத் தேய்த்து மெழுகு பூசி, ஒரு முனையில் அதே தரையின்மேல் முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டினார்கள். மேலே போக ஒரே படிக்கட்டு. அதுவும் நடுவில் திரும்பும் மரப்படிக்கட்டு. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

பதிமூன்றாம் வருடம் 'தம்பியின் குழு' வந்தது. தம்பி என்றால் டிரம்ஸ்காரியின் சொந்தத் தம்பி. மூன்று வயது இளையவன். பாட்டும் கிடாரும் அவன். பேஸ் கிடார், கீபோர்டு, டிரம்பெட், பின்னால் அக்கா. பதினோரு வருடம் வாரத்துக்கு நாலு நாள் வாசித்தார்கள்.

(ஓரக் குறிப்பு: காகிதக் கட்டு வைத்த இடத்தில் கிடக்கும். மனிதர்கள் குதிப்பார்கள். இந்த வித்தியாசத்தை அப்போது யாரும் யோசித்ததாக எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.)

4

அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நகரின் மேற்கு ஓரத்தில் வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். வகுப்பு நேரத்தில்தான் பேச முடியும், பின்சீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார். முன்சீட்டில் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தவர் ஒரு வங்கி ஊழியர். அவருக்கு அது மூன்றாவது வகுப்பு. எனக்கு அதுவே கடைசிப் பயணமாக இருக்கும் என்று தோன்றியது.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நான் கேட்டதும் மேடம் அந்த ஊழியரிடம் கியரை மாற்றச் சொன்னார், கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். ஒரு திருப்பம் முடிந்து வண்டி நேரானதும், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நான் தப்பா வாசிச்சேன்னுதானே எழுதியிருக்காங்க?"

ஆமாம் என்றேன்.

"தப்பாத்தான் வாசிச்சேன். ஏன்னு யாராவது கேட்டிருக்கலாம்."

5

சனிக்கிழமை, மாலை ஏழரை மணி. கூடத்தில் முன்னூறு பேருக்கு மேல். மேடைக்கு நேர் எதிரில், முதல் மேசையில், ஒலிப்பதிவு நிறுவனத்திலிருந்து வந்த மனிதர் காலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை வரவழைக்கத் தம்பி ஒரு வருடமாக நாயாக அலைந்திருந்தான். அன்று மதியத்திலிருந்து சட்டையை இரண்டு முறை மாற்றிவிட்டான். மேடை ஏறும்முன் அக்காவின் தோளைத் தொட்டு, இன்றைக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு என்ன செய்தாள் அவள், பதினோரு வருடமாக?

முதல் இரண்டு பாட்டுகள் மிதமானவை. மூன்றாவது எல்லோரும் சேர்ந்து குதிக்கும் பாட்டு.

முதலில் காலில்தான் தெரிந்தது. பேஸ் டிரம்மின் மிதியை அழுத்திவிட்டுக் காலைத் தூக்குவாள். அன்று அவள் தூக்கும்முன்பே மிதி காலைத் தூக்கியது. திருகு தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு அவள் தொடவே தொடாத ஓரத்துச் சிம்பல் தானாக நடுங்குவதைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்திருந்த முக்காலி மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது. படகில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

இறங்கி ஏறுவது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நூல் அளவு கூடியது.

அவளுக்கு விளங்கிவிட்டது. கூட்டம் குதிப்பது அவள் அடிக்கு. தரை ஆடுவது கூட்டத்தின் குதிப்புக்கு. ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளத் தள்ள அது மேலே மேலே போகுமே, அப்படி. தள்ளிக்கொண்டிருந்தது அவள்தான். அதுவும் இம்மி பிசகாமல்.

வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தாள். கூட்டம் கைதட்டிப் பழைய வேகத்துக்கு இழுத்தது. தம்பி திரும்பினான், உள்ளங்கையை மேல்நோக்கி ஆட்டி, ஏற்று, ஏற்று என்றான். அவள் கண்ணால் தரையைக் காட்டினாள். இரண்டு தடவை காட்டினாள். அவன் அவளையே பார்த்தான். பிறகு மைக்கின் பக்கம் திரும்பி, அடுத்த சுற்றை இன்னும் உரக்க எண்ணி ஆரம்பித்தான்.

[இங்கே நான் அவரைக் குறுக்கிட்டு, கத்தியிருக்கலாமே, சட்டென்று நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டேன். வங்கி ஊழியரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். வண்டி நடுக்கோட்டுக்கு வந்துவிட்டது. மேடம் தன் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் பிரேக்கை அழுத்திவிட்டுச் சொன்னார்: "கத்தினா முன்னூறு பேரும் ஒரே படிக்கட்டுக்கு ஓடுவாங்க. திருப்பத்துல விழுந்தவங்க மேல மத்தவங்க ஏறிப் போவாங்க. சும்மா நிறுத்தினா, கைதட்டிக்கிட்டே குதிப்பாங்க. காலுங்க ஒண்ணா விழக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்குத் தோணுச்சு."]

அவள் எட்டில் ஒன்றை விழுங்கினாள்.

எட்டு அடி வரவேண்டிய இடத்தில் ஏழு. முதல் தடவை கால் தடுக்கியவர்கள் சிரித்தார்கள். அடுத்த சுற்றில் எட்டு அடித்தாள். அதற்கடுத்ததில் மறுபடி ஏழு, வேறோர் இடத்தில். பேஸ் கிடார்காரர் திகைத்துப்போய் இவளைப் பார்த்தார். டிரம்பெட்காரர் வாயிலிருந்து டிரம்பெட்டை எடுத்துவிட்டார். தம்பியின் பாட்டு ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாகப் போயிற்று. யாரோ விசிலடித்தார்கள். ஒரு காகிதக் குவளை வந்து டிரம்மில் பட்டுத் தெறித்தது.

நாலு நிமிடம் தப்பாகவே வாசித்தாள். சரியாக வாசிப்பதைவிட அது கடினம். பதினோரு வருடம் பழகிய கை தானாகச் சரியான இடத்துக்குப் போய் விழப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்து இழுத்துத் தப்பான இடத்தில் போட வேண்டும். முதுகு முழுக்க நனைந்தது. கண்ணுக்குள் வேர்வை இறங்கியது. அவள் பார்வை கூட்டத்தின் கால்களைவிட்டு அகலவில்லை.

கால்கள் சிதறின. சிலர் சலித்துப்போய்ச் சுவரோரம் ஒதுங்கினார்கள். இரண்டு பேர், மூன்று பேராகப் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். முக்காலி இறங்குவது குறைந்தது. கடைசியில் மிதி வெறும் மிதியானது.

முதல் மேசை மனிதர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தம்பி கிடாரைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் வந்தான். தரை ஆடுகிறது, மிச்சமிருப்பவர்களையும் கீழே அனுப்பு என்றாள். அவன் மைக்கை அணைத்திருக்கவில்லை. அடுத்து அவன் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

"உனக்குப் பயம். அவ்வளவுதான்."

6

திங்கட்கிழமை முதலாளி ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் நடுக்கூடத்தில் நின்று மூன்று முறை குதித்தார். கல்லு மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் இசைத்தட்டுக் கருவி வந்தது. கீழ்த்தளத்தில்தான் வைத்தார்கள், மேல்தளத்துக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்பது முதலாளியின் கணிப்பு. ஆக, அந்தத் தரை தாங்குமா என்று சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் பிறகு யாருக்கும் வாய்க்கவில்லை.

குழு கலைந்தது. அவள் டிரம்ஸை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள். அக்காவும் தம்பியும் எட்டு வருடம் முகம் பார்க்கவில்லை. பிறகு அவர்களுடைய அம்மா படுத்த படுக்கையானபோது, மருத்துவமனை நடைவழியில் அவன் எதிரே வந்து, சாப்பிட்டியா என்று கேட்டான். இல்லை என்றாள். அவ்வளவுதான் சமாதானம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவனுக்கு அக்கா வீட்டில்தான். பதினெட்டு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவன்மேல் கோபமே இல்லையா என்று கேட்டேன்.

"அவனுக்குத் தெரியாதுங்க. பாடுறவனுக்குக் கால் தரையில இருக்கும், புத்தி கூட்டத்துல இருக்கும். தெரியாம சொன்னதுக்கு எத்தனை வருஷம் கோவிச்சுக்கிறது?"

வகுப்பு முடிந்து வங்கி ஊழியர் இறங்கிப் போனபிறகு, காலியான ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார். அவன் சொன்னது உண்மையாகவே இருக்குமோ என்று இன்றைக்கும் தோன்றுமாம். தரை ஒன்றுமே ஆடாமல், தானே பயத்தில் கற்பனை செய்துகொண்டு, தம்பியின் வாழ்க்கையைக் கையாலேயே அடித்து உடைத்துவிட்டோமோ என்று. இருபத்தாறு வருடமாக இந்த எண்ணம் வராமல் விடிந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார்.

7

நான் என் கதாபாத்திரத்தைச் சந்தேகித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி கிடையாது. கட்டடம் விழுந்திருந்தால் விசாரணை இருக்கும், அறிக்கை இருக்கும், அவள் எச்சரித்தாள் என்று பத்துப்பேர் சொல்வார்கள். விழவில்லை. விழாததால் அவள் தாளம் தப்பியவள். ஒருவேளை, அன்று கை சோர்ந்து உண்மையிலேயே பிசகியிருந்து, பிறகு மனம் தனக்குத்தானே ஒரு தரையைக் கட்டி ஆட்டிவிட்டிருந்தால்? மனம் அப்படிச் செய்யக்கூடியதுதான். நான் தினமும் அதைத்தான் செய்கிறேன். அதற்குக் கதை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு மேல்தளத்தைப் பிரித்து மாற்றிக் கட்டிய பொறியாளரைத் தேடிப்போனேன். நல்ல ஞாபகசக்தி அவருக்கு. பலகைகளை எடுத்தபோது, நடு உத்திரத்தின் ஒரு முனை சுவருக்குள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நான்கு விரல் வெளியே நழுவியிருந்ததாம். இன்னும் இரண்டு விரல்தான் சுவரில் பிடிப்பு. அதைக் கண்டதும் வேலையாட்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, தானும் வெளியே வந்து ஒரு சோடா குடித்ததாகச் சொன்னார்.

எப்போது நழுவியிருக்கும் என்று கேட்டேன்.

"அத யாராலயும் சொல்ல முடியாது சார். ஒரே நாள்ல நழுவியிருக்கலாம். அம்பது வருஷமா கொஞ்சம் கொஞ்சமாவும் நழுவியிருக்கலாம்."

ஆக, கல்லும் மரமும் சொல்லத் தயாராக இல்லை. அன்று அந்த மேடையில் கால் ஊன்றி நின்ற இன்னொருவர் மட்டும்—

8

[இந்தப் பகுதியை எழுதலாமா கூடாதா என்று நாலு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன். எழுதுவது வேறு, காட்டுவது வேறு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு.]

தம்பி இப்போது ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடுகிறார். வலது காதில் கருவி. முதல் சந்திப்பில் எல்லாரும் சொல்வதையே சொன்னார். அக்கா திறமைசாலி, அன்றைக்கு என்னவோ பதறிவிட்டாள், விதி. தேநீர் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பொறியாளர் சொன்னதைச் சரிபார்ப்பதற்காக நான் தொலைபேசியில் கூப்பிட்டபோது, நான்கு விரல் என்றதும் மறுமுனையில் தம்பி தொலைபேசியை வைத்துவிட்டார். மறுநாள் காலை அவரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஜன்னலைப் பார்த்து நின்றபடி பேசினார்.

மைக் ஸ்டாண்டு ஆடியதாம். மூன்றாம் பாட்டின் இரண்டாம் சுற்றிலேயே. முதலில் யாரோ இடித்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். பிறகு இடது கையால் ஸ்டாண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடினாராம். கூட்டத்துக்கு அது பாவனைபோலத் தெரியட்டும் என்று. அக்கா கண்ணால் தரையைக் காட்டியதும் புரிந்ததாம். முழுசாகப் புரிந்ததாம்.

"இன்னும் ரெண்டு பாட்டு தாங்கும்னு நெனச்சேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னூறு பேரு. எனக்கு ரெண்டு பாட்டு போதும்னு இருந்துச்சு. அப்புறம் அவளத்தான் பயந்தவன்னு சொன்னேன், மைக்லயே. மைக் ஆன்ல இருக்குன்னும் எனக்குத் தெரியும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவர் திரும்பினார். அக்காவுக்கு இது தெரியக் கூடாது என்றார். தெரியாமல் செய்தான் என்று நினைத்துத்தான் அவள் எனக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு போடுகிறாள். தெரிந்தே செய்தான் என்றால் நான் எந்த வாசலில் போய் நிற்பேன் என்று கேட்டார். ஐம்பத்தொன்பது வயது மனிதர். குரல் உடைந்து, காதுக் கருவி கீச்சென்றது. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலைச் சரி, சொல்லவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். எதை மனதில் வைத்து ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

9

மலரைப் பற்றி: முதலாளியின் மகள் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிய பகுதி முழுவதையும் மரியாதையாக நீக்கிவிட்டார் (எட்டாம் பகுதியை அவருக்கு நான் காட்டவே இல்லை). அங்கே குறிப்பேட்டின் மூன்று வரிகள் மட்டும் இருக்கும். எனவே இது தனிக்கதை ஆயிற்று. முடிவு மட்டும்தான் பாக்கி.

முடிவு அ: எட்டாம் பகுதியை எரித்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்கின்றன. தன் கை சோர்ந்ததா, தரை ஆடியதா என்று தெரியாமலே அவர் மிச்ச நாளையும் கழிக்கிறார். தம்பியாவது அவருக்கு மிச்சம்.

முடிவு ஆ: எட்டாம் பகுதியைக் கொடுக்கிறேன். தான் சரியாகத்தான் இருந்தோம், முன்னூறு பேரைக் காப்பாற்றினோம் என்று இருபத்தாறு வருடம் கழித்து அவருக்குத் தெரிகிறது. கூடவே, அதைத் தெரிந்துகொண்டே தன் தம்பி—

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

முடிவு இ: தம்பியே போய்ச் சொல்லிவிடுகிறார். இதை எழுதிப் பார்த்தேன். அவர் என் கைக்கு வசப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் அக்கா வீட்டு வாசல்வரை போகிறார், பசிக்குது என்கிறார், உட்கார்ந்து சாப்பிடுகிறார், திரும்பி வந்துவிடுகிறார்.

10

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் வந்தார். என்னைப் பற்றி என்னதான் எழுதியிருக்கிறீர்கள், படித்துப் பார்க்கிறேன் என்று முந்தின நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஒவ்வொரு பகுதியும் தனித்தனித் தாளில் இருந்தது. முதல் ஏழு தாள்களைக் கொடுத்தேன். எட்டாவதை மடியில், மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நிதானமாகப் படித்தார். சனி பிடித்த இடத்தில் சிரித்தார். கொத்தனாரைப் பற்றிய வரியில், அவர் நாலு தடவை குதித்தார் என்று திருத்தினார். ஊஞ்சல் வரும் இடத்தில் அவருடைய வலது கால் செருப்புக்குள் மெல்ல அழுந்தி அழுந்தி எழுந்ததைப் பார்த்தேன். அவருக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஏழாம் தாளுக்கு வந்தார். நான்கு விரல் என்ற இடத்தில் தன் நான்கு விரலைத் தாளின்மேல் பதித்துப் பார்த்தார். பொறியாளரின் பதிலை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, கடைசி வரியில் நின்றார். தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொருவர் மட்டும்னு கோடு போட்டு நிறுத்தியிருக்கீங்க."

ஆமாம் என்றேன்.

"மேடையில அஞ்சு பேர் இருந்தோம். நான், பேஸ், கீபோர்டு மூணு பேரும் எப்பவும் உக்காந்துதான் வாசிப்போம். டிரம்பெட்காரர் செத்துப்போயி பத்து வருஷமாச்சு."

எண்ண வேண்டியதை அவர் எண்ணி முடித்துவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனால் எண்ணுவது வேறு, எழுத்தில் படிப்பது வேறு. தெரியாது என்று சொல்லி அவர் இப்போதும் எழுந்து போய்விடலாம். கதவு பின்னால் திறந்துதான் இருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. ஏழு தாள்களையும் சேர்த்து, ஓரம் தட்டி, மேசைமேல் வைத்தார். பிறகு உள்ளங்கையை மேல்நோக்கி என் பக்கம் நீட்டினார்.

"அந்தத் தாளைக் குடுங்க. இல்லைன்னா, அப்படி ஒரு தாளே இல்லைன்னு சொல்லுங்க. நீங்க எதைச் சொன்னாலும் நான் நம்புறேன்."

நீங்கள் எட்டாம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். என் மடியில் என்ன இருக்கிறது என்று இந்த அறைக்கு வெளியே தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் அது அவருக்குப் பதிலாகிவிடும். அதனால் பேனாவை இங்கே வைத்துவிடுகிறேன். அவருடைய கை நீட்டியபடியே இருக்கிறது. துளிகூட நடுங்கவில்லை.